எலுமிச்சம்பழத்தை நசுக்காத டயர்

ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவனுக்கு எல்லாமே தெரியும் என்று என் இளமைக்காலத்து ராயபுரம் நம்பியது. ராயபுரத்தைக் குறை சொல்ல மாட்டேன். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். (எனக்குச் சம்பளம் கொடுத்த துரை மட்டும் நம்பவில்லை. அவருக்கு ஆங்கிலம் தெரியும்.)

யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் நான் குமாஸ்தா. வந்திறங்கும் பெட்டிகளின்மேல் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்வதுதான் வேலை. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் எனக்குத் தெரிந்ததில்லை. இந்த மேல்படிப்பை மெச்சித்தான் மீன் வியாபாரி சூசை மாமா தன் மகள் பிலோமினாவை எனக்கு நிச்சயம் செய்திருந்தார். கிறிஸ்துமஸ் கழிந்து தை மாதம் கல்யாணம் என்று பேச்சு.

பேச்சுதான். ஏனென்றால் அந்த வீட்டில் சம்பாதிப்பது சூசை மாமா. தீர்ப்புச் சொல்வது அவருடைய அக்கா ஞானம்மா அத்தை. தாயில்லாத பிலோமினாவை வளர்த்தது அவர்தான். என்னைப் பார்க்கும்போதெல்லாம் மீன் செவுளைத் தூக்கிப் பார்ப்பவர் போலவே பார்ப்பார். 'பரவாயில்லை' என்ற ஒரு வார்த்தையை அவர் வாயிலிருந்து வாங்குவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

சூசை மாமாவிடம் ஒரு பிக்கப் வண்டி இருந்தது. பட்டாளத்து ஏலத்தில் எடுத்தது. எண்ணூர்க் கரையில் மீன் வாங்கி, ஐஸ் கொட்டி, ராயபுரத்துக்குக் கொண்டுவர அதுதான் கதி. அதன் டயர்கள் நான்கும் தேய்ந்து மொட்டையாகிவிட்டன. ஐப்பசி மழை பிடித்துக்கொள்வதற்குள் மாற்றியாக வேண்டும். மாமா என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"மாப்ளே, நீ இங்கிலீசு படிச்சவன். நீயே வந்து ஒரு செட்டு பொறுக்கிக் குடு. டயருன்னா வட்டமா கீதுன்றது மட்டுந்தான் எனக்குத் தெரியும்."

எனக்கும் அவ்வளவுதான் தெரியும். ஆனால் வருங்கால மாமனாரிடம் அதைச் சொல்ல முடியுமா? வெளுத்த காற்சட்டை, வெளுத்த சட்டை, பவுடர் சகிதம் கிளம்பிவிட்டேன்.

தண்டையார்பேட்டை டோல்கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சாயபுவின் கிடங்கு. பட்டாளம் விட்டுப்போன சாமான்களெல்லாம் அங்கே மலையாகக் கிடக்கும். சாயபு நல்ல மனிதர். சாதாரண டயர்களை ஒவ்வொன்றாக உருட்டிக் காட்டினார். நான் ஒவ்வொன்றையும் விரலால் சுண்டி, காதை வைத்துக் கேட்டு, உதட்டைப் பிதுக்கினேன். (தேங்காய் வாங்கும் முறை. டயருக்கு வேறு முறை தெரியாது.) அப்போதுதான் மூலையில் அதைப் பார்த்தேன். கட்டை கட்டையாகப் புடைத்த ரப்பர், நடுநடுவே ஆழமான பள்ளம். தொங்கிய சீட்டைப் படித்தேன். பனி உறையும் தேசங்களில் குளிர்காலத்தில் ஓட்டுவதற்கு என்று போட்டிருந்தது.

"அது வேணாம் சார்," என்றார் சாயபு. "வெள்ளைக்காரன் ஊர்ல தெருவெல்லாம் ஐஸ் கொட்டிக் கெடக்கும்ல, அதுல ஓட்றதுக்குச் செஞ்சது."

"ஐஸிலேயே வழுக்காத டயர், மழையிலா வழுக்கப்போகிறது?" என்றேன். சொன்னபோதே என் புத்திசாலித்தனத்தில் எனக்கே புல்லரித்தது.

சூசை மாமா துள்ளி எழுந்தார். "ஐஸுக்குன்னே செஞ்சதா! அப்பால இன்னா யோசனை? நம்ப வண்டில தெனம் ஐஸுதானே போவுது! எட்த்து மாட்டுப்பா!"

ஐஸ் வண்டிக்கு மேலே இருக்கிறது, டயருக்குக் கீழே இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. டிரைவர் கோவிந்தனுக்கும் தோன்றவில்லை. "சோக்கா கீது சார்! புலிப் பல்லாட்டம் கீது!" என்று டயரைத் தடவித் தடவிப் பூரித்துப் போனான். சாயபு மட்டும் வானத்தைப் பார்த்தார்.

தார் ரோட்டில் அந்த டயர்கள் ஓவென்று ஊளையிட்டன. தெருவில் நுழைந்தபோது யாரோ யுத்த காலத்துச் சங்கு ஊதுகிறது என்று பயந்து குழந்தையோடு கட்டிலுக்கடியில் போய்விட்டார்களாம். எனக்கோ பெருமை தாங்கவில்லை.

சனிக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் வந்து, ஜெபம் சொல்லி, வண்டிக்குத் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். அதோடு விட்டிருக்கலாம். கோவிந்தன் விடவில்லை.

"சாமியார் தண்ணி இஞ்சினுக்கு சார். டயருக்கு எலுமிச்சம்பயந்தான்."

ஞானம்மா அத்தை பக்தி மிகுந்தவர். ஆனாலும் வண்டி விஷயத்தில் எலுமிச்சம்பழத்தையும் பகைத்துக்கொள்ள மாட்டார். நான்கு சக்கரத்துக்கும் நான்கு சின்னப் பழம் வைத்தாயிற்று. தெருவே வேடிக்கை பார்க்க, கோவிந்தன் வண்டியை மெல்ல நகர்த்தினான். பச்சக் என்று சத்தம் வர வேண்டும். மூன்று வந்தது. நான்காவது வரவில்லை.

குனிந்து பார்த்தோம். பின்சக்கரத்தின் பள்ளம் ஒன்றில், கூட்டில் வைத்த முட்டைபோலப் பழம் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. ஒரு கீறல் இல்லை. முன்னே ஓட்டினான்; பழம் மேலே போயிற்று. பின்னே ஓட்டினான், கீழே வந்தது. நெம்பிப் பார்த்தான், அசையவில்லை.

ஞானம்மா அத்தை சிலுவை போட்டுக்கொண்டார்.

"சேசுவே! கல்யாணம் வெச்சிருக்கிற வூட்ல பயம் நசுங்கலியே! யாரு பொறுக்குன டயரு இது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சூசை மாமாவும், தனக்குச் சம்பந்தமே இல்லாதவர்போல, என்னைத்தான் பார்த்தார்.

"இந்த வண்டி எண்ணூருக்குப் போயி, மீனோட நல்லபடியா வூடு வந்து சேரட்டும்," என்றார் அத்தை. "அப்பால கல்யாணத்தைப் பத்திப் பேசலாம். டயரு பொறுக்குன கையும் கூடவே போவட்டும்."

கதவோரம் பிலோமினா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். பாவம், அழுகிறாள் என்று நினைத்தேன். (சிரிப்பை அடக்கினாளாம். கல்யாணத்துக்கு அப்புறம்தான் சொன்னாள்.)

எண்ணூர்க் கரையில் மழை தூறிக்கொண்டிருந்தது. படகுகள் ஒதுங்குகிற இடம்வரை மணலில் இறங்கித்தான் மீனை ஏற்ற வேண்டும். மொட்டை டயரில் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டால் வண்டி மணல்மேல் மிதந்து போய்விடும். பள்ளம் வெட்டிய டயரோ மணலையும் வெட்டும். இந்த உண்மை, பிறகு விசாரித்தபோது, சென்னைப் பட்டணத்தில் எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது. அன்று ஒருவரும் சொல்லவில்லை.

வெறும் வண்டியாகப் போகும்போது எப்படியோ போய்விட்டோம். மீனும் ஐஸும் ஏற்றிக் கோவிந்தன் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும், பின்சக்கரங்கள் நாய் குழி பறிப்பதுபோல மணலைப் பறிக்க ஆரம்பித்தன.

"இன்னும் மிதி!" என்று நான் கத்தினேன். மிதித்தான். அச்சுவரை புதைந்தது.

"இன்னா நைனா, கெணறு வெட்டிகினு கீறியா?" என்று கூடைக்காரப் பெண்கள் சிரித்தார்கள். அலை ஒவ்வொன்றும் வண்டியை எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. ஐஸ் கரைந்து ஒழுகியது. வண்டி போனால் மாமாவின் பிழைப்பு போகும். மீன் போனால் பிலோமினா போவாள். பவுடராவது ஒன்றாவது, பின்னால் போய்த் தோள் கொடுத்துத் தள்ளினேன். சக்கரம் வாரியிறைத்த ஈர மணலில் பாதி என் வாய்க்குள் போயிற்று.

கரையிலிருந்த மீனவர் ஒருவர் பீடியை எறிந்துவிட்டு வந்தார். "வண்டின்னு நெனைச்சிகினு தள்ளாதே சார். இது கட்டுமரம். அப்டி நெனைச்சிக்க, வந்துரும்."

மளமளவென்று ஆட்கள் சேர்ந்தார்கள். பெரிய வலை இழுக்கும் கயிற்றை முன்னால் கட்டினார்கள். கட்டுமரத்துக் கட்டைகளைச் சக்கரத்துக்கடியில் செருகினார்கள். சிரித்த பெண்களும் கயிற்றைப் பிடித்தார்கள். "ஏலேலோ, ஐலசா!" பிக்கப் வண்டி ஆடி அசைந்து குழியை விட்டு எழுந்தது. பின்சக்கரம் கட்டைமேல் ஏறியது. கட்டையின் முனை டயரின் பள்ளத்துக்குள் புகுந்தது.

பச்சக்.

எலுமிச்சஞ்சாறு முழுவதும் என் கண்ணில். ஏற்கெனவே அதில் உப்பு மணல் இருந்தது. "அய்யோ அம்மா!" என்று அலறிக்கொண்டு சக்கரத்துக்குப் பின்னால் விழுந்து புரண்டேன். வண்டி கெட்டித் தரைக்கு வந்துவிட்டது. பழமும் நசுங்கிவிட்டது! கண் திறக்க முடியவில்லை. ஆனால் அவ்வளவு நிம்மதியாக நான் அதுவரை எங்கும் படுத்திருந்ததில்லை. தடவித் தடவிப் பழத்தோலைத் தேடியெடுத்துச் சாட்சிக்குப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஆனால் தூரத்தில் நின்ற அஞ்சலை என்ற மீன்காரி, நான் அலறியதையும் சக்கரத்தடியில் மறைந்ததையும் மட்டும் பார்த்திருக்கிறாள். மிச்சத்தைப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை. ரயிலேறி ராயபுரம் போய்விட்டாள். அடைமழையில் ஊர்ந்து நாங்கள் போய்ச் சேர்வதற்குள், நான் நசுங்கிப் போன செய்தி தெரு முழுக்கப் பரவியிருந்தது.

வாசலில் பெஞ்சு போட்டிருந்தார்கள். (பக்கத்து வீட்டு பெஞ்சுதான், ஆனாலும் எனக்காகப் போட்டது.) உள்ளே ஞானம்மா அத்தை மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். "தங்கமான புள்ளையாச்சே! இன்னாமா இங்கிலீசு படிக்கும்! மாதாவே, அந்தப் புள்ளைய உசுரோட குடுத்துடு, தையிலேயே கல்யாணத்தை முடிச்சு வெச்சிடறேன்!"

அந்த நேரம் பார்த்து நான் நுழைந்தேன். தலை முதல் கால்வரை மணல், ஒரு கண் சிவந்து வீங்கி, கையில் எலுமிச்சந்தோல்.

"அத்தை, பழம் நசுங்கிடுச்சு," என்றேன்.

அத்தை என்னைக் கட்டிக்கொண்டு இன்னும் உரக்க அழுதார். மாதாவுக்குக் கொடுத்த வாக்கை யார் மாற்ற முடியும்? சூசை மாமா மீனைக்கூட எட்டிப் பார்க்கவில்லை. என் தலை மணலைத் தட்டிக்கொண்டே "வந்துட்டான், வந்துட்டான்" என்றார்.

"இவளைப் பாரு, கல்லு மனசுக்காரி!" என்று அத்தை சமையலறைப் பக்கம் கையை நீட்டினார். "நாங்க ஒப்பாரி வெச்சிகினு கீறோம், இவ ஒரு சொட்டுக் கண்ணீர் வுடலை. கஞ்சி காய்ச்சிகினு கீறா!"

பிலோமினா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "இன்னாத்துக்கு அழுவணும்? அந்த டயருல ஒரு எலுமிச்சம்பயமே நசுங்கலை. அவரு எப்டி நசுங்குவாரு?"

பெஞ்சு போட வந்தவர்கள்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

மறுநாளே மொட்டை டயர்கள் மீண்டும் வண்டியில் ஏறின. குளிர்தேசத்து டயர்களில் ஞானம்மா அத்தையின் கோழிகள் அடைகாத்தன. தை மாதம் எங்களுக்குக் கல்யாணம் ஆயிற்று. இன்றைக்கும் நான் வீடு திரும்ப நேரமானால், காய்ச்சலில் படுத்தால், பிள்ளைகள் பதறும்போது யாராவது ஒருவர் "எலுமிச்சம்பயமே நசுங்கலை" என்பார்கள். உடனே எல்லோரும் சிரித்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அம்மாவுக்கு என்ன தைரியம் என்று இப்போது என் பிள்ளைகள் பேரப்பிள்ளைகளுக்கும் கதை சொல்கிறார்கள்.

நான் வாய் திறப்பதில்லை. அன்று அந்தக் கஞ்சியைக் குடித்தவன் நான். அதில் இரண்டு தடவை உப்புப் போட்டிருந்தாள்.