கதிரையை வெறுத்த தலைவர்

கதிரைக்காக அடிபட்ட தலைவர்கள் உலகத்தில் ஏராளம். கதிரையைக் கண்டாலே வியர்த்துக் கொட்டிய தலைவர் ஒருவர்தான். அவரைத் தந்த பெருமை கிளிநொச்சிப் பக்கத்துக் கரம்பைக்குளத்தைச் சேரும். கமக்கார அமைப்பின் தலைவர் திருவாளர் இளையதம்பி ஒரு வருடமாக எந்தக் கூட்டத்திலும், எந்தக் கதிரையிலும் அமர்ந்ததில்லை. தியாகம் என்றால் அதுவல்லவோ தியாகம்!

அந்தத் தியாகத்தின் பின்னால் ஒரு காரணம் இருந்தது. மிகச் சரியாகப் பின்னால்தான் இருந்தது. போன வருடம் மலவாசலுக்குப் பக்கத்தில் ஒரு சீழ்க்கட்டு வந்தது. அது தானாகவே உடைந்தபோது இளையதம்பி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து நன்றி சொன்னார். பிள்ளையார் தேங்காயை ஏற்றுக்கொண்டார், ஆனால் கட்டு உடைந்த இடத்தில் சின்ன வாய் ஒன்று மூடாமல் நின்றுவிட்டது. அதால் சீழ் வடியும். வடியாத நாளில் வீங்கும். கதிரையில் இருந்தால் தணலில் இருப்பது மாதிரித்தான்.

ஊர் கேட்டபோது இடுப்பைப் பிடித்துக்கொண்டு "நாரிப்பிடிப்பு" என்றார். வேறு என்ன சொல்வது? கரம்பைக்குளம் எதையும் கூட்டம் வைத்துத் தீர்க்கும் ஊர். எவருடைய மாடு எவருடைய பயிரைத் தின்றது, எவருடைய மகன் கள்ளு வெறியில் வாய்க்காலுக்குள் விழுந்தான், எல்லாம் பகிரங்கமாகப் பேசப்படும். ஆனால் நாரிக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே, அந்த ஊரில் ஒருவருக்கும் உடம்பே கிடையாது. அது ஊரின் "கண்ணியம்".

ஆகவே வைத்தியம் முழுவதும் நாரிக்கே நடந்தது. நொச்சியிலை ஒத்தடம், சூடாக்கிய நல்லெண்ணெய், பசளைக் கடை பக்கீர் நானா பெருமனதோடு இரவல் தந்த நாரிப்பட்டி. அதுகள் போதாதென்று, தானே இரகசியமாக ஒரு களிம்பை வாங்கி அந்த வாயில் அப்பி, பஞ்சால் அடைத்தும் பார்த்தார். நாரி பளபளத்தது. நோய் தன் இடத்தில் சௌக்கியமாக இருந்தது.

இந்த நிலையில்தான், கோடை நெல் விதைப்புக்கான, சரித்திரப் புகழ்பெற்ற சிறுபோகக் கூட்டம் வந்தது. இந்த முறை பாதிக் காணிக்குத்தான் தண்ணீர் என்று அறிவிக்க அதிகாரிகள் வந்திருந்தார்கள். அவர்களில் பெரியவர் மரியாதையாக இளையதம்பிக்குக் கதிரையைக் காட்டினார்.

"நான் நிக்கிறன்" என்றார் இளையதம்பி.

அவர் உள்ளதைத்தான் சொன்னார். சபைக்கு அது யுத்தப் பிரகடனமாகக் கேட்டது. பின்சுவரோடு சாய்ந்து ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த முன்னாள் தலைவர் மயில்வாகனத்தார் தொண்டையைக் கனைத்தார். அவருக்கும் நாரிப்பிடிப்பாம். முன்வரிசையில் நாலைந்து பேர் இதற்காகவே காத்திருந்தவர்கள் மாதிரித் துள்ளி எழுந்தார்கள். பிறகு முழுச் சபையும் எழுந்தது. அதிகாரிகள் வெலவெலத்துப்போய் முழுக் காணிக்கும் தண்ணீர் தர ஒத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து அவர் "நின்ற தலைவர்". இனி இருக்க முடிந்தாலும் இருக்க முடியாது.

வீட்டில் மட்டும் இந்தப் புகழ் செல்லுபடியாகவில்லை.

"இஞ்சேருங்கோ, உங்கட உடுப்புத் தோய்க்கிறவள் நான்" என்றா மனைவி பத்மாசனி. "நாரியிலயிருந்து சீழ் வடியுமோ?"

அடுத்த பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றினா. ஆசனங்கள் காலியாகக் கிடக்க, தலைவர் நின்றபடியே போய்ச் சேர்ந்தார்.

டொக்டர் பிரியந்தினிக்கு அவருடைய மகளின் வயது. இளையதம்பி வெட்கத்தில் அரைவாசி செத்துப்போனார். டொக்டரோ அது கைவிரல் காயம் என்பதுபோலப் பார்த்து முடித்தா.

"இது பவுந்திரம், ஐயா. உள்ளுக்கு ஒரு வாய், வெளியில ஒரு வாய், இடையில ஒரு வழி. குளிசை போட்டாக் கொஞ்சம் அடங்கும், மாறாது."

"வெளிவாயை அடைச்சு விடேலாதோ, பிள்ளை?"

"வெளிவாயை அடைச்சு என்ன பிரயோசனம்? உள்வாயைத் தேடோணும்."

அது இளையதம்பியின் சொந்த வசனம்! போன மாரியில் குளக்கட்டில் எலிவளையால் தண்ணீர் கசிய, வெளிப்பக்கம் மண்மூடை போட வந்தவர்களைப் பார்த்து அவர் கத்திய அதே வசனம். கட்டுக்குச் சொன்ன புத்தியைத் தன் உடம்புக்குச் சொல்ல அவருக்குத் தோன்றவேயில்லை.

டொக்டர் வைத்தியமுறைகளை விளங்கப்படுத்தினா. வழி மேலாகப் போனால் வெட்டித் திறந்துவிட, அடியிலிருந்து ஆறிவரும். மலத்தை அடக்கிற தசைக்குள்ளால் போனால் அப்படி வெட்ட ஏலாது, வெட்டினால் அடக்கமே போய்விடும். நூல் ஒன்றைக் கோத்து, மாதக்கணக்கில் வடியவிட்டு, பிறகு இன்னொரு சத்திரசிகிச்சை.

"முதலே வந்திருந்தா உங்களுக்கு ஒரு வெட்டோட முடிஞ்சிருக்கலாம். இப்ப வழி தசைக்குள்ளால போகுது, நூல்தான். ஏன் ஐயா வரேல்ல?"

நூல் போடப்பட்டது. இளஞ்சூட்டு வெந்நீரில் தினமும் இருக்கச் சொன்னார்கள். பத்மாசனியைக் கட்டியும் ஆசனம் வாய்க்காத அந்த மனிதர், ஒரு வருடத்துக்குப் பிறகு அலங்கரித்த முதலாவது ஆசனம் ஒரு பிளாஸ்டிக் பேசின். சுகமென்றால் அப்படி ஒரு சுகம், அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

இரண்டாவது சத்திரசிகிச்சையும் முடிந்து, புண் ஆறி, அடுத்த சிறுபோகக் கூட்டத்துக்கு வந்தார். கதிரை கண்ணில் பட்டது. ஆசையோடு இருந்தார்.

சபை திகைத்தது. தலைவர் இருந்துவிட்டார்! விலைபோய்விட்டார்!

"போனமுறை நிண்டவர் இந்தமுறை ஏன் இருக்கிறார்?" மயில்வாகனத்தார் பின்சுவரிலிருந்து கேட்டார். "கதிரை இனிக்குதோ? தலைவரை மாத்தோணும்."

கைகள் உயரத் தொடங்கின. இளையதம்பி பெண்கள் பக்கம் பார்த்தார். பத்மாசனி "சொல்லுங்கோ" என்பதுபோலத் தலையை ஆட்டினா.

"போனமுறை நான் உங்களுக்காக நிக்கேல்ல" என்றார் இளையதம்பி. "எனக்கு மலவாசலில பவுந்திரம். இருக்க ஏலாமல் நிண்டனான். இப்ப வெட்டி மாத்திப்போட்டன், இருக்கிறன்."

உயர்ந்த கைகள் இறங்கின. அவர் எழுந்து கதிரையைத் துடைத்து முன்னுக்குத் தள்ளினார்.

"மயில்வாகனத்தார், இந்தாங்கோ தலைமை. வந்து இருங்கோ."

மயில்வாகனத்தார் சுவரைவிட்டு அசையவில்லை. போனமுறை துள்ளி எழுந்த நாலைந்து பேரும், கதிரைகள் காலியாகக் கிடக்க, நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"செவ்வாய்க்கிழமை கிளினிக்" என்றா பத்மாசனி, நின்றவர்களைப் பார்த்து. "பஸ்ஸில நிண்டுகொண்டும் போகலாம்."

மாடு வரம்பு தாண்டினாலும் கூட்டம் வைக்கிற வீரமிக்க ஊர் அது. ஒரு மனிதரை நோவோடு ஒரு வருடம் நிற்கவிட்டு, அவருக்குக் கைதட்டியதும் அதே ஊர்தான்.