ஆடி மாசத்துல பொண்டாட்டியோட ஏரிக்கரைக்குப் போன கதை

போன ஆடி மாசம் ஒரு சனிக்கிழமை மதியம் நானும் என் பொண்டாட்டி பவியும் பாகூர் ஏரிக்கரை மேல நடக்கப் போனோம்.

புருஷன் பொண்டாட்டி நடக்கறதுல இன்னா இருக்குன்னு கேப்பீங்க. எங்களுக்குக் கல்யாணம் ஆனது வைகாசியில. ஆடி பொறந்ததும் மாமியார் சீர்த்தட்டோட வந்து பவியை சோரியாங்குப்பத்துக்குக் கூட்டிகினு போயிட்டாங்க. புது ஜோடி ஆடி முழுக்க ஒண்ணா இருக்கக் கூடாது. பார்த்துக்கவும் கூடாது. எங்க வூட்லயும் அதே சட்டம்தான்.

நானும் நல்ல புள்ளையா கொஞ்ச நாள் தாக்குப்புடிச்சேன். அப்புறம் பவி போன் பண்ணா.

"மாமா, ரீல்ஸ்ல எல்லாரும் புருஷனோட ஹைக்கிங் போறாங்க. நாமளும் போலாம்."

"நம்ம ஊர்ல மலை ஏதுடி?"

"ஏரிக்கரை இருக்குல்ல? அது மேல ஏறுனா ஹைக்கிங்தான்."

அவ சுடுகாட்டுக்குக் கூப்பிட்டிருந்தாலும் அன்னிக்கு நான் போயிருப்பேன்.

தவளக்குப்பத்துல டெய்லர்கிட்ட ஜாக்கெட் வாங்கணும்னு அம்மாகிட்ட சொல்லிட்டு அவ ஸ்கூட்டியில கெளம்பிட்டா. "அவரைப் பார்க்கவே மாட்டேன்"னு சத்தியம் வேற பண்ணிட்டு வந்திருக்கா. நான் எங்கப்பாகிட்ட, கரும்புக்கு மோட்டார் போடப் போறேன்னு சொன்னேன். பொறந்ததுல இருந்து மோட்டார் கொட்டாய் பக்கம் தலைவெச்சுப் படுக்காத புள்ள இப்படிச் சொன்னதும் மனுஷனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. கல்யாணம் பண்ணி வெச்சதும் பொறுப்பு வந்துடுச்சு பாருன்னு அம்மாகிட்ட சொல்லிகினு இருந்தாரு. எனக்கே பாவமா இருந்துச்சு.

ஏரிக்கரையில பவியைப் பார்த்ததும் எனக்கே அடையாளம் தெரியல. முகத்தைச் சுத்தி துப்பட்டா, கறுப்புக் கண்ணாடி, தொப்பி, கால்ல ஷூ. எங்க ஊர்ல அவளைப் புடவையில மட்டும்தான் பார்த்திருக்காங்க.

"எப்படி மாமா என் ஐடியா?"

"பேங்க்குல கொள்ளையடிக்கப் போற மாதிரியே இருக்க."

ஜாலியாத்தான் நடந்தோம். ஒரு பக்கம் வத்திப்போன ஏரி, இன்னொரு பக்கம் கரும்பு. காத்து ஆளையே தள்ளுது. முறுக்கு தின்னோம், செல்ஃபி எடுத்தோம், கையைக் கோத்துக்கினு நடந்தோம். சொந்தப் பொண்டாட்டி கையைத் திருட்டுத்தனமா புடிக்கறதுல ஒரு தனி கிக்கு இருக்கு. அனுபவிச்சவங்களுக்குத்தான் தெரியும்.

வளைவுல திரும்புனா எதிர்ல ஆறு ஆடு வருது. ஆட்டுக்குப் பின்னாடி தனம் அத்தை.

தனம் அத்தை எங்க பக்கத்துத் தெரு. பொறந்த ஊரு சோரியாங்குப்பம். ரெண்டு ஊர் சேதியும் அவங்க வழியாத்தான் போவும், வரும்.

"டேய் கதிரு, இன்னாடா இந்த வெயில்ல?" அப்புறம் பவியை மேலயும் கீழயும் பார்த்தாங்க. "இது யாரு?"

இங்கதான் நான் யோசிச்சிருக்கணும். பொண்டாட்டின்னு சொன்னா ஆடி மேட்டர் அஞ்சு நிமிஷத்துல மாமியார் காதுக்குப் போயிடும். பவி என் கையை நறுக்குன்னு கிள்ளினா. வாயில வந்ததைச் சொல்லிட்டேன்.

"ஏரியில தண்ணி அளக்க வந்த மேடம் அத்தை. வழி காட்டுறேன்."

"கையப் புடிச்சிகினா வழி காட்டுவ?"

"கரை வழுக்குது அத்தை."

மழை பெஞ்சு ரெண்டு மாசம் ஆயிருந்துச்சு.

அத்தை ஆட்டை ஓட்டிக்கினு போயிட்டாங்க. கொஞ்ச தூரம் போனதும் இடுப்புல இருந்து போனை எடுக்கறது தெரிஞ்சுது. பவி துப்பட்டாவுக்குள்ள குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறா.

பத்து நிமிஷம்கூட ஆவல, பவி போன் அடிச்சுது. மாமியார். பவி கண்ணடிச்சுட்டு ஸ்பீக்கர்ல போட்டா.

"எங்கடி இருக்க?"

"டெய்லர் கடையிலம்மா."

"மனசைத் தேத்திக்கடி. உன் புருஷன் எவளையோ கூட்டிகினு ஏரிக்கரையில சுத்துறானாம். தனம் கண்ணால பார்த்திருக்கா."

நான் கையெடுத்துக் கும்புட்டேன். என் பொண்டாட்டி கண்டுக்கவே இல்ல. "அய்யய்யோ. பொண்ணு எப்படி இருந்தாளாம்மா?" அவ்ளோ ஆசையா கேக்குறா.

"அவளும் அவ மூஞ்சியும். குட்டையா, குண்டா, வாத்து மாதிரி நடந்தாளாம். உன் கால் தூசுக்கு வரமாட்டாளாம்."

பவி சிரிப்பு நின்னுடுச்சு.

வேணாம்டின்னு சைகை காட்டினேன். தலையை ஆட்டினேன். அவ போனைப் புடிக்கிற புடியிலயே தெரிஞ்சுபோச்சு, காரியம் கெட்டுதுன்னு.

"யாரும்மா குண்டு? ஷூ போட்டா அப்படித்தான் தெரியும். அது நான்தான்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுற சத்தம் கேட்டுது.

"அந்தக் கேடுகெட்டவனைக் காப்பாத்த நீ பழியை ஏத்துக்கிறியா? உன்னைப் பெத்த வயிறு எரியுதுடி." போனை வெச்சுட்டாங்க.

அடுத்து என் போன். எங்கப்பா.

"மோட்டார் போட்டியா?"

"போட்டேன்பா. தண்ணி நல்லா பாயுது."

"ஏரிக்கரையில எவன்டா மோட்டார் வெச்சிருக்கான்? இன்னா ஒரு நல்ல பொண்ணுடா பவி. அதுக்குப் போயி துரோகம் பண்றியே. வூட்டு வாசல்ல கால் வெச்சுடாத."

கட்!

அந்த நல்ல பொண்ணு என் பக்கத்துல நின்னு மிச்ச முறுக்கைத் தின்னுகினு இருக்கா.

வேற வழியில்ல. அவ ஸ்கூட்டி முன்னாடி, என் பைக் பின்னாடி, நேரா சோரியாங்குப்பம் போனோம். மாமனார் கைலியை மடிச்சுக் கட்டிக்கினு வாசல்லயே நிக்கறாரு. நான் பைக்கை விட்டு எறங்கவே இல்ல.

பவி துப்பட்டாவைச் சுத்தி, கண்ணாடியும் தொப்பியும் போட்டு, வாசல்ல இருந்து கெணறு வரைக்கும் நடந்து காட்டினா. மாமியார் உத்துப் பார்த்தாங்க.

"ஆமாங்க. வாத்து மாதிரிதான் நடக்குறா."

போன உசுரு திரும்பி வந்துச்சு எனக்கு. மாமனார் கைலியை எறக்கி விட்டாரு. மாமியார் மகளைத் தலையில ரெண்டு போட்டு உள்ள தள்ளிட்டு, எனக்கு ஒரு டம்ளர் காப்பி கொண்டாந்து குடுத்தாங்க. முகத்தைத் திருப்பிக்கினுதான் குடுத்தாங்க. மாப்ள ஆச்சே, குடுக்காம இருக்க முடியாதுல்ல.

"ஒரு போன் போட்டு எங்கப்பாகிட்ட உண்மையைச் சொல்லிடுங்க அத்தை. வூட்டுக்குள்ள வுட மாட்டேன்றாரு."

"சம்பந்திகிட்டயா? நல்லா இருக்கு மாப்ள. ஆடியில பொண்ணைப் புருஷனோட ஊர்சுத்த வுட்டேன்னு என்னைப் பத்தி இன்னா நெனைப்பாங்க? என் மானம் போயிடும். நீங்களும் யார்கிட்டயும் மூச்சு வுடக் கூடாது."

"அப்ப என் மானம்?"

"ஆம்பளைதானே மாப்ள, கொஞ்சம் பொறுத்துக்குங்க. ஆடி முடிஞ்ச மறுநாளே நானே வந்து அது எங்க பொண்ணுதான்னு சொல்லிடறேன்."

அன்னிக்கு ஆடி எட்டு.