மச்சான் ஈரலுக்கு என்ன கோபம்

டுரியான் துங்கால்,
வெள்ளிக்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் புவனேந்திரன் அவர்களுக்கு,

உங்கள் அக்காள் இருசம்மாளின் கணவன் வடிவேலு வணக்கத்துடன் எழுதுவது. வயதில் இளையவர்தான் என்றாலும், கல்லீரலில் பாதியை வெட்டிக் கொடுத்தவரை ‘நீ’ என்று எழுதக் கை வரவில்லை. புலாவ் செபாங்கில் நீங்களும் மிச்ச ஈரலும் சுகமாக இருக்க அம்மனை வேண்டுகிறேன். என்னிடம் இருக்கும் பாதிக்குத்தான் சுகமில்லை.

போன வாரம் எடுத்த இரத்தத்துக்கு முந்தாநாள் முடிவு வந்தது. டாக்டர் பவானேஸ்வரி, “அங்கிள், உங்க ரத்தத்துல மச்சானோட மரபணுத் துணுக்கு கூடிப்போச்சு, உடம்பு ஈரலை ஏத்துக்க மாட்டேங்குது லா” என்றார். எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. உங்கள் துணுக்கு என் இரத்தத்தில் கூடினால் நாம் நெருங்கிவிட்டோம் என்றுதானே அர்த்தம்? இல்லையாம், ஈரல் அடிபட்டு உதிர்கிறதாம், இப்படியே விட்டால் ஈரலும் போகும் நானும் போவேனாம். யார் யாரை வேண்டாம் என்கிறார்கள் என்று கேட்டேன், நான்தான் உங்களையாம். நான் எப்போது மச்சான் வேண்டாம் என்றேன், என் லோரிக் கண்ணாடியை நீங்கள் உடைத்ததைக்கூட மறந்துவிட்டேனே. எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால் ஈரலைத் தாஜா பண்ணுகிறேன். ராத்திரி உங்களை மாதிரியே சீனி போடாத கோப்பி குடிக்கிறேன், உங்கள் வீட்டு ரயில் சத்தத்தில் வளர்ந்த ஈரலாச்சே என்று மகள் தேவமலரின் கைப்பேசியில் ரயில் சத்தம் போட்டு வயிற்றில் வைத்துக்கொண்டு படுக்கிறேன். அவள், “அப்பா, அது ஈரல் லா, பாப்பா இல்ல” என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காடியை ஓட்டிக்கொண்டு வந்து நீங்களே அதனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
உங்கள் பாதியைச் சுமக்கும்
வடிவேலு

பி.கு.: உறையில் போடுமுன் உங்கள் அக்காள் வாங்கிப் படித்தாள். “உடம்பு ஈரலைத் தள்ளாம இருக்கக் குடுத்த மாத்திரையை ஒழுங்கா போடுறீங்களா?” என்றாள். டாக்டரிடம் சொன்னதையே சொன்னேன், ராத்திரி மாத்திரை தவறுவதே இல்லை. பகல் மாத்திரை என்னாச்சு என்றாள். உங்கள் ஈரல் என்னிடம் நிலைக்க வேண்டும் என்று அம்மனுக்கு விரதம் இருக்கிறேன், பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது, மாத்திரையை மட்டும் எப்படி விழுங்குவது? “என் தம்பி வயித்தைக் கிழிச்சுக் குடுத்ததை விரதமிருந்தே கொல்லப் பாத்தீங்களா” என்று அழுதாள். போனில் கேட்ட டாக்டர் உடனே கிளம்பி வரச் சொல்லிவிட்டார். ஆகையால் மேலே எழுதியதை நம்ப வேண்டாம், ஈரலுக்கு ஒரு கோபமும் இல்லை. என்னை அடிக்க ஓங்கிய கையை, ஈரல் இருக்கும் பக்கம் என்று பார்த்து, அப்படியே அதன்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் உங்கள் அக்காள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும், கையை எடுக்க மாட்டேன் என்கிறாள்.