கரடி வீட்டில் அடி வாங்கும் உத்தியோகம்

ஒரு காட்டில், பாதிக்கு மேல் வெட்டி மனை போட்டு விற்றுவிட்டு மிச்சத்தைக் காடு என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரு காட்டில், ஒரு கரடிக் குடும்பம் வாழ்ந்து வந்தது. அப்பா கதிரேசன். அம்மா சுகந்தி. ஒரு வயதில் ஒரு குட்டி. அதற்கு நாள் நட்சத்திரம் பார்த்து நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். கூப்பிடுவது என்னவோ பாப்பா என்றுதான். நான்காவது ஒரு நாய், பெயர் சீசர். கரடி வீட்டில் நாய்க்கு என்ன வேலை என்று கேட்கக் கூடாது. அந்தக் காட்டில் நாய் வளர்ப்பது அந்தஸ்து. புலி வீட்டில்கூட ஒன்று வளர்ந்தது. கொஞ்ச நாள்.

சீசருக்குப் பாப்பா என்றால் உயிர். பாப்பா அதன் வயிற்றில் தலை வைத்துத்தான் தூங்கும். தனக்கு ஒரு வாய், சீசருக்கு ஒரு வாய் என்றால்தான் சோறு இறங்கும். காதைப் பிடித்து இழுத்தால் சீசர் கண்ணை மூடிக்கொள்ளும், யாரோ தலை வாரி விடுவதைப் போல. பாப்பா இருக்கும் அறையில் தனக்கும் ஒரு மூலை இருந்தால் போதும், அதற்கு மேல் அந்த நாய்க்கு ஆசை கிடையாது.

பாப்பா நடக்கப் பழகியது. நடக்கப் பழகுவது என்றால் விழப் பழகுவது. அது விழுந்து வாயைத் திறந்ததும் சுகந்தி ஓடி வந்து, எல்லா அம்மாக்களும் செய்வதைச் செய்தாள். தரையை அடித்தாள்.

“யாரு பாப்பாவைத் தள்ளினது? தரையா? இந்தா, அடிச்சாச்சு! இந்தா, இந்தா!”

பாப்பா அழுகையை நிறுத்திவிட்டுத் தரை படும் பாட்டை ரசிக்கும்.

ஆனால் குகைத் தரை கருங்கல். சுகந்தியின் உள்ளங்கை வீங்கிப்போனது. வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவள். கை வீங்கினால் பிழைப்பு நடக்காது. போதாததற்குக் கீழ்க்குகை முள்ளம்பன்றி படியேறி வந்து, “எப்பப் பார்த்தாலும் தொம்முதொம்முன்னு என்னம்மா சத்தம்? நாங்க குடியிருக்கிறதா வேண்டாமா?” என்று முள்ளைச் சிலிர்த்துவிட்டுப் போனது.

அடுத்த முறை பாப்பா விழுந்தபோது சீசர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. சுகந்தி ஓங்கிய கையை அதன் முதுகில் இறக்கினாள். சும்மா, பட்டும் படாமலும்.

“கொஞ்சம் கத்துடா கண்ணா,” என்றாள் காதோரமாக.

சீசர் வீச்சென்று கத்தியது. பாப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சீசருக்கு ஒரு பிஸ்கட் கிடைத்தது. அது கத்தியது பிஸ்கட்டுக்காக இல்லை. அது யாருக்கும் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

சில மாதங்களில் சீசர் அந்த வேலையில் கை தேர்ந்துவிட்டது. முட்டி சிராய்த்தால் ஒரு கத்தல். கதவிடுக்கில் விரல் நசுங்கினால் அதைவிட நீளமாக ஒன்று. தடுப்பூசி போட்ட அன்று கத்திய கத்தலில் மருத்துவர் கொக்கு தானே கலங்கி ஊசியைக் கீழே போட்டார். பாப்பாவுக்கு வலிக்க நேரமே இருக்காது. அதற்குள் சீசருக்கு வலித்துவிடும்.

இப்படி ஒரு வசதி வீட்டில் இருக்கும்போது குழந்தைக்கு மட்டும் என்று யார் ஒதுக்கி வைப்பார்கள்? பால் பொங்கினால் சீசர். கதிரேசனின் செல்போன் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தால் சீசர். கதிரேசன் அலுவலகத்துக்குத் தாமதமாகப் போனாலும், “வீட்ல நாய் சார், ஒரே தொல்லை.” மேலதிகாரி காட்டெருமைக்கும் வீட்டில் குழந்தை உண்டு. “நல்ல நாயா சார்? எங்க கிடைச்சுது?” என்று விசாரித்தது.

பாப்பாவுக்கு மட்டும் பேச்சு வரவில்லை. கதிரேசன் அதன் முன்னால் போனை நீட்டிக்கொண்டு, “அப்பா சொல்லு, அப்பா,” என்று மணிக்கணக்கில் கெஞ்சினான். ஒரு நாள் பாப்பா சுவரெல்லாம் சாம்பார் பூசி வைத்திருந்தது. “யாரு செஞ்சது?” என்றாள் சுகந்தி. பாப்பா வாயைத் திறந்தது.

“நான் இல்ல. நாய்.”

ஒரே மூச்சில் மூன்று சொல்! சுகந்தி ஆனந்தக் கண்ணீர் விட்டாள். கதிரேசன் போனை எடுத்து, “இன்னொரு தடவை சொல்லும்மா,” என்றான். பாப்பா இன்னொரு தடவை சொன்னது. சொந்தக்காரர்களுக்கெல்லாம் வீடியோ போனது. எல்லோரையும்விடச் சந்தோஷப்பட்டது சீசர்தான். பாப்பா வாயில் முதலில் வந்தது அப்பா இல்லை, அம்மா இல்லை. தான்.

பேச்சு வந்துவிட்டதால் பாப்பாவை மழலையர் பள்ளியில் சேர்த்தார்கள். சீசர் கொண்டு போய் விடும். விட்டுவிட்டு வாசல் கேட்டுக்கு வெளியே, வெயிலில், மணி அடிக்கும்வரை படுத்திருக்கும்.

அங்கே பாப்பா ஒரு முயல்குட்டியின் காதைக் கடித்துவிட்டது. கிரேயான் கேட்டுக் கொடுக்கவில்லையாம். காதில் ஒரு துண்டே காணவில்லை.

குடியிருப்போர் சங்கத்தார் பள்ளிக்கூடத்திலேயே விசாரணை வைத்தார்கள். செயலாளர் நரி சால்வையைச் சரிசெய்துகொண்டு பாப்பாவைக் கேட்டார். “பாப்பா, நீ கடிச்சியா?”

“நான் இல்ல. நாய்.”

“எவ்வளவு தெளிவாப் பேசுது!” என்று வியந்தார் நரி.

முயலம்மா பரிமளா எழுந்தாள். “என்னங்க அநியாயம்? நாய் கேட்டுக்கு வெளிய இருந்துச்சு. குரங்கு மிஸ்ஸே பார்த்திருக்காங்க. மிஸ், சொல்லுங்க!”

குரங்கு மிஸ் கூரையைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்துக்கு அந்தக் கூரையைப் போட்டுக் கொடுத்தது கதிரேசன். “நான் போர்டுல எழுதிட்டிருந்தேங்க,” என்றாள்.

கதிரேசன் குனிந்து சீசரின் காதில் முணுமுணுத்தான். “நீ இல்லேன்னு சொன்னா பாப்பாவைப் பள்ளிக்கூடத்தை விட்டு நீக்கிடுவாங்கடா. வேற ஒண்ணும் வேண்டாம். வழக்கம்போல ஒரு தடவை கத்து. மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்.”

சீசர் பாப்பாவைப் பார்த்தது. பாப்பாவின் உதடு பிதுங்கிக்கொண்டிருந்தது. அந்த உதடு அப்படிப் போனால் அடுத்து என்ன வரும் என்று சீசருக்குத் தெரியும். அது கண்ணை மூடிக்கொண்டு கத்தியது. அதுவரை கத்தியதெல்லாம் பழக்கமாக இருந்தது. இது அந்தக் கூட்டத்தில் இருந்த ஒவ்வொருவர் வீட்டுக் குற்றத்துக்கும் சேர்த்துக் கத்தினாற்போல இருந்தது. கட்டுப் போட்ட காதோடு உட்கார்ந்திருந்த முயல்குட்டிகூடக் கை தட்டிச் சிரித்தது.

“ஒத்துக்கிட்டான்,” என்றார் நரி.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் துரத்திவிட்டார்கள். ‘மிச்சத்தைப் பார்த்துக்கிறேன்’ என்ற கதிரேசன், கழுத்துப் பட்டையை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டான். நல்ல தோல், வீணாகக் கூடாது.

சீசர் போன பிறகு பாப்பா விழுவது நிற்கவில்லை. சுகந்தி தரைக்கும் திரும்ப முடியாமல், நாய்க்கும் வழியில்லாமல், ஒரு நாள் புருஷன் முதுகில் ஒன்று வைத்தாள்.

“கத்துங்களேன்!”

“ஆ,” என்றான் கதிரேசன்.

“இதுக்கா எங்க வீட்ல உங்களைத் தேடிப் பிடிச்சுக் கட்டி வச்சாங்க?”

பாப்பா அழுகையை நிறுத்தவில்லை. முள்ளம்பன்றி மறுபடியும் படியேறி வந்தது.

கடைசியில் ஆலமரத்தில் விளம்பரம் ஒட்டினார்கள். குழந்தை உள்ள வீட்டில் அடி வாங்க நாய் தேவை. முன் அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை.

ஆற்றங்கரையில் மீன் முள் பொறுக்கிக்கொண்டிருந்த சீசருக்குச் செய்தி எட்டியது. அனுபவத்தில் தன்னை யார் மிஞ்ச முடியும் என்று நினைத்துக்கொண்டு, ஆற்றில் உடம்பைக் கழுவிக்கொண்டு வந்து வரிசையில் நின்றது. வரிசை குகை வாசலிலிருந்து ஓடை வரைக்கும் நீண்டிருந்தது. படித்த நாய்களும் நின்றன.

“முன்னாடி எங்க இருந்தே?” என்றாள் சுகந்தி, தலை நிமிராமல்.

“இங்கதாம்மா.”

நிமிர்ந்தாள். “ஐயோ, சீசர்! என்னடா இப்படி இளைச்சுட்டே?” அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கரடிகள் கெட்டவர்கள் இல்லை. கெட்டவர்களாக இருந்திருந்தால் நாய் எப்போதோ பிழைத்துப் போயிருக்கும்.

“அனுபவம் இருக்குங்கம்மா.”

“யாருடா இல்லேன்னா?” என்றான் கதிரேசன். “ஆனா நீ குழந்தையைக் கடிச்ச நாய்னு ஆயிடுச்சே.”

“நான் கடிக்கலீங்க ஐயா. உங்களுக்கே தெரியும்.”

“எனக்குத் தெரிஞ்சு என்னடா பண்றது? குழந்தை இருக்கிற வீடு. நாலு பேரு என்ன சொல்லுவாங்க?”

வரிசையில் அடுத்து நின்ற சுருட்டை முடி நாயை எடுத்துக்கொண்டார்கள். முதுகு அகலமாக இருந்தது. தோல் பட்டையும் அதற்குச் சரியாக இருந்தது.

அப்போது பாப்பா உள்ளேயிருந்து வெளியே வந்தது. பார்த்தது. “சீசா!” என்று கூவிக்கொண்டு ஓடி வந்தது.

சீசர் எல்லாவற்றையும் மறந்தது. வாலையும் உடம்பையும் சேர்த்து ஆட்டிக்கொண்டு, குதித்துப் போய்ப் பாப்பாவின் காலுக்குக் குறுக்கே விழுந்தது. பாப்பா தடுக்கி முகம் குப்புற அடித்துக்கொண்டது. உதடு கிழிந்து ரத்தம் வந்தது.

சந்தேகமே இல்லை. தள்ளியது சீசர்தான். அத்தனை காலத்தில் அன்றுதான் அது நிஜமாகத் தப்புச் செய்தது. முதுகைத் தாழ்த்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றது.

சுகந்தி கையை ஓங்கிக்கொண்டு ஓடி வந்தாள். கையின் காற்று சீசரின் காதை உரசிக்கொண்டு போனது.

“யாரு பாப்பாவைத் தள்ளினது? இந்தா, அடிச்சாச்சு! இந்தா, இந்தா!”

சுருட்டை முடி நாய் ஒரு கணம் விழித்துவிட்டு, தாமதமாக, சுமாராகக் கத்தியது. அதுவே போதுமாக இருந்தது. பாப்பா ரத்த உதட்டோடு சிரித்தது.

“நான்தாம்மா தள்ளினேன்,” என்றது சீசர். “அம்மா, நான்தான்.”

“பரவால்லடா, விடு,” என்றான் கதிரேசன் மிகுந்த அன்போடு, கேட்டைத் திறந்து பிடித்தபடி. “இருட்டறதுக்குள்ள ஆத்தைக் கடந்துடு.”

நீதி: தப்புச் செய்தவர்கள் எல்லோரும் அடி வாங்கிவிட முடியாது, அதற்கு ஒரு வீட்டில் இடம் கிடைத்திருக்க வேண்டும்.