சாவி சுவாமியின் வலது காது

அந்தக் கார் கடைக்குக் கூட்டம் காரைப் பார்க்க வரவில்லை. ஒரு காதைப் பார்க்க வந்தது.

காது சாவி சுவாமியுடையது. அதிலும் வலது காது. இடது காது உங்களுடையதையும் என்னுடையதையும் போலச் சாதாரணமானதுதான். வலது காதில் மட்டும் எப்போதும் பஞ்சு அடைத்திருக்கும். மனிதர்களின் அற்பப் பேச்சு அதற்குள் நுழைந்துவிடக் கூடாதாம். கார் சாவி கைக்கு வந்தால்தான் பஞ்சு வெளியே வரும். கண்ணை மூடிச் சாவியைக் காதோடு அழுத்தி, யாரோ நல்ல சேதி சொல்வதுபோல் தலையாட்டுவார். பிறகு தீர்ப்பு. "சொந்தமா வாங்கு." அல்லது, "லீஸுக்கு எடு." முழுப் பணம் கொடுத்தவன் வீட்டில் காலமெல்லாம் கிடப்பதா, மாதாமாதம் கட்டுகிறவனிடம் மூன்று வருடம் ஓடிவிட்டுக் கடைக்கே திரும்புவதா என்று அந்தக் கார் தன் விருப்பத்தை அவர் காதில் சொல்லிவிடுமாம். கார்களுக்கு அவ்வளவு தெளிவு. வாங்க வருகிறவர்களுக்குத்தான் இல்லை.

தாடியும் சடையுமாக இருப்பார் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். சுவாமி பந்தய ஓட்டுநர்கள் போடுகிற வெள்ளை உடுப்பு போட்டிருப்பார். கையில் விரல் வெட்டிய தோல் உறை. உட்காருவது பழைய பந்தயக் கார் ஒன்றிலிருந்து கழற்றிய இருக்கையில், பெல்ட் மாட்டிக்கொண்டு. தவம் உச்சத்துக்குப் போகும்போது தூக்கி எறிந்துவிடுமாம்.

"என் கார லீஸுக்குத்தான் எடுக்கச் சொன்னாரு," என்று நம் கதாநாயகியின் நாத்தனார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். "எடுத்த மாசமே டயர் வெடிச்சுது. சொந்தமா வாங்கியிருந்தா டயர் இல்ல, நான்தான் வெடிச்சிருப்பேன்!"

இப்படி நாத்தனார் தப்பித்த கதையைக் கேட்டுத்தான் அவள் தம்பிக்குச் சுவாமியிடம் போகும் ஆசை வந்தது. பல வருடமாக அவன் தொலைபேசியில் ஒரே ஒரு காரின் படங்கள் மட்டும் இருந்தன. சிவப்பு, தாழ்வாகப் படுத்திருக்கும், கிளம்பினால் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்ளும் வகைக் கார். அவன் வேலை பார்ப்பது தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில். வீட்டுக் குழாய்த் தண்ணீரைக்கூட இரண்டு முறை சோதித்துவிட்டுத்தான் குடிப்பான்.

அவன் மனைவிக்கு, அதாவது நம் கதாநாயகிக்கு, வேறு ஆசை இருந்தது. கண் பார்வை சோதித்துக் கண்ணாடி எழுதித் தருகிறவள் அவள். தொழில் நடக்கிற அந்தச் சின்ன அறையை உரிமையாளர் விற்கப்போகிறார். செருப்புக் கடைக்காரர் ஒருவர் வந்து அளந்து பார்த்துவிட்டும் போய்விட்டார். வங்கியில் இருவரும் சேர்ந்து போட்டு வைத்த சேமிப்பு அந்த அறைக்குப் போதும். காருக்கும் போதும். இரண்டுக்கும் சேர்த்துப் போதாது. காரை லீஸுக்கு எடுத்தால் மாதத் தவணையை அவன் சம்பளம் தாங்கும், சேமிப்பு அவள் அறைக்குப் போகும். சொந்தமாக வாங்கினால் அவள் கண் சோதிக்கும் எழுத்துப் பலகை மாட்டியிருந்த சுவரில் செருப்பு தொங்கும்.

இதை அவள் அவனிடம் நேராகச் சொன்னாளா? சொன்னாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். "ரூம் விக்கிறாங்களாம்" என்றாள் ஒரு நாள். "அப்படியா, பாத்துக்கலாம்" என்றான் அவன். அதோடு முடிந்தது. எனக்கு வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. சொல்லாமலே அவனுக்குத் தெரிய வேண்டும் என்று ஒரு வீம்பு.

"சுவாமி சொல்றபடி செஞ்சிடலாம்," என்றான் அவன்.

"ஏங்க, தண்ணிய ரெண்டு தடவ டெஸ்ட் பண்ணாமக் குடிக்க மாட்டீங்க. சாவி பேசும்னா மட்டும் நம்புவீங்களா?"

"தண்ணி வேற, இது வேற."

"என்ன வேற?"

"தண்ணிக்கு டெஸ்ட் இருக்கு."

கைப்பையை எடுத்துக்கொண்டு அவளும் கிளம்பினாள்.

கடையில் முதல் பூசை காபி. விற்பனையாளன் தேன் தடவிய குரலில் விசாரித்தான். என்ன வேலை, எத்தனை வருஷம், கையில் சேமிப்பு எப்படி? கணவன் பள்ளிக்கூடப் பையன்போல எல்லாவற்றையும் ஒப்பித்தான். வங்கிச் சேமிப்பு என்றதும் விற்பனையாளன் குனிந்து மேசை இழுப்பறையிலிருந்து சிவப்பு வெல்வெட் பை ஒன்றை எடுத்து, அந்தக் கார் சாவியை அதில் போட்டுச் சுருக்கிக் கட்டிக் கொடுத்தான்.

"சுவாமி கைக்குப் போற வரைக்கும் திறக்காதீங்க சார். காருக்குக் கண்ணு பட்டுடும்."

கடையை ஒட்டிய சுவாமியின் மண்டபத்தில் நாற்காலிகள் நிரம்பி வழிந்தன. எல்லார் மடியிலும் ஒரு பை. சிலருக்குச் சிவப்பு, சிலருக்கு மஞ்சள். தலைச்சன் பிள்ளையைப் பிடித்திருப்பதுபோல் பிடித்திருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் ஒரு பாட்டு டீச்சர், மஞ்சள் பையோடு. முன்வரிசையில் நாத்தனார். அவளுக்கு வாங்க எதுவும் இல்லை, தரிசனத்துக்கு வந்திருந்தாள்.

ஒரு பல் டாக்டர் சிவப்புப் பையை நீட்டினார். பஞ்சு வெளியே வந்தது. "இது உன்னத் தேடி வந்த வண்டி. சொந்தமா வாங்கு!" டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்து, புதிதாகக் கல்யாணமான ஜோடி, மஞ்சள் பை. "காத்து மாதிரி வந்து காத்து மாதிரிப் போற வண்டி. லீஸு." அடுத்து சிவப்பு. "வாங்கு." மறுபடியும் மஞ்சள். "லீஸு."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அவளிடம் வருகிறவர்களில் ஒரு ரகம் உண்டு. பார்வை மங்கிவிட்டது என்று ஒத்துக்கொள்ள வெட்கப்பட்டு, காத்திருக்கும்போதே எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துவிடுவார்கள். கடைசி வரியைக் கடகடவென்று ஒப்பிப்பார்கள். அவள் சண்டை போடமாட்டாள். வேறு பலகையை மாட்டுவாள், அவ்வளவுதான். பழைய பலகையின் வரியே புதுப் பலகையிலும் வந்து விழும்.

சுவாமிக்குக் காது கேட்கவில்லை. கண் நன்றாகத் தெரிகிறது. காதுக்குப் போகும் முன் பையின் நிறம் கண்ணுக்குப் போய்விடுகிறது.

கண்டுபிடித்த சந்தோஷம் வர வேண்டிய இடத்தில் அவளுக்கு ஒரு கூச்சம் வந்தது. கடைக்குள் நுழைந்ததிலிருந்து அவளும் ஒன்றை வேண்டிக்கொண்டுதான் இருந்தாள். சுவாமி வாயில் லீஸ் என்று வரட்டும் என்று. மடியில் மஞ்சள் பை கிடைத்திருந்தால் இதையெல்லாம் கவனித்திருப்பாளா? கவனித்தாலும் வாயைத் திறந்திருப்பாளா? மாட்டாள். சுவாமிக்குக் கும்பிடு போட்டுவிட்டு, ஜெயித்த முகத்தோடு வீட்டுக்குப் போயிருப்பாள். பொய் நமக்குச் சாதகமாக இருந்தால் அதற்குப் பெயர் நம்பிக்கை. இல்லாவிட்டால்தான் மோசடி.

சட்டென்று கணவன் மடியிலிருந்த பையை எடுத்து முடிச்சை அவிழ்த்தாள்.

"என்ன பண்ற! காருக்குக் கண்ணு பட்டுடும்!"

"பட்டா அந்தக் கண்ணக் கூட்டிட்டு வாங்க. பவர் பாத்துக் கண்ணாடி எழுதித் தரேன்." கார் சாவியை அவன் சட்டைப்பையில் போட்டாள். தன் கைப்பையிலிருந்து ஒரு சின்னச் சாவியை எடுத்தாள். அவள் அறையில் லென்ஸ் வைக்கிற இரும்பு பீரோவின் சாவி. "உங்க வேலைல, தண்ணி பாட்டில் மேல லேபிள மாத்தி ஒட்டிட்டா ரிசல்ட் மாறுமா?"

"அதெப்படி மாறும்? தண்ணி அதே தண்ணிதான?"

"அப்ப சாவியும் அப்படித்தான இருக்கணும்?"

அவன் அக்காவைப் பார்த்தான், சுவாமியைப் பார்த்தான். பிறகு மெதுவாக முழங்காலைத் திருப்பி, பீரோ சாவியைப் பைக்குள் போடும் அவள் கை மற்றவர் கண்ணில் படாதபடி மறைத்துக்கொண்டான்.

அவர்கள் முறை வந்தது. சுவாமி சிவப்புப் பையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு உள்ளே கைவிட்டார். சாவி உள்ளங்கைக்குள் மறைந்தது. பஞ்சு வந்தது. காதில் அழுத்தினார்.

"ஆஹா!" என்று சிலிர்த்தார். பெல்ட் இறுகியது. "என்ன கர்ஜனை! என்ன துடிப்பு! இது ஒரே எஜமான் வண்டி. அடுத்தவன் கைக்குப் போனா அழும். சொந்தமா வாங்கு தம்பி, உடனே வாங்கு!"

"என்ன கலர்னு சொல்லுதா சுவாமி?"

கேட்டது அவள் இல்லை, அவன். சோதனைக் கூடத்தில் கேட்கிற குரல் அது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

"நெருப்புச் சிவப்பு," என்றார் சுவாமி, சாவியைப் பைக்குள் போட்டுத் திருப்பிக் கொடுத்தபடி.

நாத்தனார் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "தம்பி ஆசப்பட்ட அதே கலர்!"

மனைவி நாற்காலிக்குத் திரும்பிப் பாட்டு டீச்சர் காதில் ஏதோ சொன்னாள். டீச்சர் கண்கள் பெரிதாயின.

"ஐயோ, எனக்குப் பொய் சொல்ல வராதே!"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். பைய மட்டும் நீட்டுங்க. பொய் எதிர்ப்பக்கத்துல இருந்து வரும்."

பீரோ சாவி மஞ்சள் பைக்குப் போனது. டீச்சரின் கார் சாவி டீச்சரின் கைக்குட்டைக்குள் போனது. டீச்சர் நடுங்கி நடுங்கிப் போனதைப் பார்த்த சுவாமிக்குப் பக்தி முற்றிவிட்டது என்று திருப்தி.

"சாதுவான வண்டி," என்றார், இந்த முறை தாலாட்டுகிற குரலில். "நாடோடி மனசு. கட்டிப் போட்டா ஏங்கும். லீஸுக்கு எடும்மா. வெள்ளைக் கலருன்னு சொல்லுது."

அவர் திருப்பிக் கொடுத்த பையை டீச்சர் அங்கேயே கவிழ்த்தாள். சின்ன இரும்புச் சாவி தரையில் விழுந்து உருண்டது. மனைவி எழுந்துபோய் அதை எடுத்து எல்லாரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்தாள்.

"இது என் பீரோ சாவி. இப்பதான் சிவப்புப் பைக்குள்ள இருந்து கர்ஜனை பண்ணுச்சு. மஞ்சள் பைக்குள்ள போனதும் சாதுவாயிடுச்சு. என் பீரோ சாம்பல் கலர். இடத்த விட்டு நகர்ந்ததே இல்ல. நாடோடின்னு இன்னிக்குத்தான் தெரியும்."

நாத்தனார் எழுந்தாள்.

"ஏன், பீரோவுக்கு மனசு இருக்கக் கூடாதா?"

"இருக்கட்டும் அண்ணி. ஆனா அத வாங்கணுமா, லீஸுக்கு எடுக்கணுமா? ஒரே சாவி ரெண்டும் சொல்லுதே!"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது. அவள் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள். "காபி குடிக்கும்போது கைல சேமிப்பு இருக்குன்னு சொன்னவங்க கையத் தூக்குங்க." கைகள் உயர்ந்தன. கை தூக்கியவர்கள் மடியில் எல்லாம் சிவப்பு. "சேமிப்பு இல்ல, சம்பளம் மட்டும்னு சொன்னவங்க?" எல்லாம் மஞ்சள்.

பல் டாக்டர் தன் சிவப்புப் பையைத் தூர வைத்துப் பார்த்தார், சொத்தைப் பல்லைப் பார்ப்பதுபோல. "அப்ப என் பேங்க் கணக்குதான் என்னத் தேடி வந்துச்சா?"

விற்பனையாளனுக்குக் காபி இயந்திரத்தில் திடீரென்று அவசர வேலை வந்துவிட்டது. சுவாமி எழுந்து ஓடப் பார்த்தார். பெல்ட் விடவில்லை. "சுவாமி, ஒரே ஒரு கேள்வி!" என்று பத்துப் பேர் சூழ்ந்ததும், மடியிலிருந்த பஞ்சை இரண்டாகப் பிய்த்து இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டார்.

அவள் கணவனிடம் வந்தாள். அவன் கடையின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிற சிவப்புக் காரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்ல?" என்றாள். "அப்புறம் ஏன் இங்க வந்தீங்க?"

"வாங்கிட்டு, அது தப்பாப் போயிடுச்சுன்னா..." அவன் இழுத்தான். "நீ ஒண்ணும் சொல்ல மாட்ட. சும்மா ஒரு பார்வை பாப்ப. அதுக்கு யார் பதில் சொல்றது? சுவாமி சொன்னாருன்னு சொல்லிடலாம்ல?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க முடியவில்லை. ஒருத்தி வாய் திறந்து கேட்கமாட்டாள், ஒருவன் வாய் திறந்து சொல்லமாட்டான். நடுவில் ஒரு காதுக்காரன் பிழைத்துக்கொள்ளாமல் என்ன செய்வான்?

"எனக்கு அந்த ரூம் வேணும்," என்றாள். சொன்ன பிறகு மூச்சு லேசாக வந்தது. "பாத்துக்கலாம்னு சொல்லாதீங்க. வேணும்."

அவன் சட்டைப்பையிலிருந்து கார் சாவியை எடுத்துப் பார்த்தான்.

"எனக்கு இந்தக் கார் வேணும். ஆனா என் ஆசைக்கு எவ்வளவு ஆயுசுன்னு எனக்கே தெரியும். நட்சத்திரம் பாக்க வாங்கின டெலஸ்கோப் பரண்ல இருக்கு. உடற்பயிற்சி மெஷின்ல துணி காயுது. மூணு வருஷம் ஓட்டினாப் போதும் எனக்கு. லீஸே போடலாம், வேற கடையில. சேமிப்ப எடுத்து நீ ரூம வாங்கு." பிறகு அவசரமாகச் சேர்த்துக்கொண்டான். "இது நான் சொல்றது. தப்பாப் போனா என்னையே பாரு."

இருவரும் கிளம்ப எழுந்தார்கள். கிளம்ப முடியவில்லை. பல் டாக்டர் குறுக்கே நின்றார். கையில் அதே சிவப்புப் பை. குரலில் அதே பணிவு.

"அம்மா, உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுது. என் வண்டிய நான் வாங்குறதா, லீஸா? கொஞ்சம் தொட்டுப் பாத்துச் சொல்லிடுங்களேன்!"

அவருக்குப் பின்னால் இன்னொரு பை நீண்டது. அதற்குப் பின்னால் இன்னும் நாலைந்து. நாத்தனார் ஏற்கெனவே வரிசையை ஒழுங்குபடுத்த ஆரம்பித்திருந்தாள். "தள்ளாதீங்க, தள்ளாதீங்க, அவ என் தம்பி பொண்டாட்டிதான்!"

ஒரு கணம், ஒரே ஒரு கணம், நீட்டிய கைகளையும் அண்ணாந்த முகங்களையும் பார்க்க அவளுக்கு இனிப்பாகத்தான் இருந்தது. எவ்வளவு சுலபம் இது! அந்த இனிப்பே அவளைப் பயமுறுத்தியது. இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"கார சொந்தமா வாங்குங்க, இல்ல லீஸுக்கு எடுங்க, வீட்டுக்குப் போய் உக்காந்து யோசிச்சு நீங்களே முடிவு பண்ணுங்க. கழுத்துக்கு மேல இருக்கே, அத மட்டும் யாருக்கும் லீஸுக்கு விடாதீங்க. மூணு வருஷம் கழிச்சும் எவனும் திருப்பித் தரமாட்டான்."