ஓடுறவருக்குத்தான் மரியாதை

எங்கள் தெருக் குதிரையண்ணன் தன் வாழ்நாளில் ஒரு குதிரையையாவது தொட்டிருப்பாரா? இன்றுவரை எனக்கு விடை தெரியாது, கேட்கவும் துணிவில்லை. ஆனால் மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையிலும் குதிரைகளைப் பற்றி அவரளவு பேசியவர் எவருமில்லை என்று அடித்துச் சொல்வேன்.

உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சியில் பல வருடங்கள் குதிரைப் பந்தயம் வழங்கியவர். குதிரைகள் நுவரெலியாவில் ஓடும். அவர் ஆரையம்பதியிலிருந்து பஸ்ஸில் நகரத்துக்குப் போய், ஒரு சிறிய அறையில் மேலே கோட்டும் கீழே சாரமுமாக உட்கார்ந்து, திரையைப் பார்த்துத் தமிழில் வர்ணிப்பார். ஒருநாள் பாதியில் படம் நின்றுவிட்டது. அண்ணன் நிற்கவில்லை. மீதிப் பந்தயத்தைத் தானே ஓட்டி, கடைசியாக வந்த குதிரையை வெல்லவைத்தார். அடுத்த வாரம் மன்னிப்புக் கேட்டார், நேயர்களிடம் அல்ல, உண்மையில் வென்ற குதிரையிடம்.

அவருடைய வர்ணனையில் குதிரை எப்போதும் 'வாறார்'. மேலே இருப்பவன் 'வாறான்'. ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"ஓடுறது ஆரு புள்ள? இவன் சும்மா மேல குந்திக்கிட்டுத்தானே வாறான். ஓடுறவருக்குத்தான் மரியாத."

நிகழ்ச்சியை நிறுத்திய பிறகு அவருக்கு மிஞ்சியவை என் கோழிகள்தான். பின்னேரம் நான் தீனி போடும்போது வேலியடியில் நிற்பார். "வெள்ளக்கோழி வாறார், கறுப்பர் விடுறாரில்ல, இந்தா வெள்ளக்கோழி வாறார்..." என் மகள் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள்.

அவளுக்கு மூன்று வயது. ஒரு சொல்கூடப் பேசியதில்லை. காதில் குறையில்லை, நிறையப் பேசுங்கள் என்று கிளினிக்கில் சொன்னார்கள். சட்டி பானைக்கெல்லாம் பெயர் சொன்னேன். போன் கொடுத்தது பிழையோ? அண்ணனின் சத்தத்துக்குப் பயந்துதான் பேசாமல் இருக்கிறாளோ? வரவேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று கணவரிடம் கேட்டேன்.

"அவள் சிரிக்கிறாள்தானே. நீ சும்மா இரு," என்றார்.

போன மாதம் அண்ணனுக்குத் தடிமன் பிடித்துத் தொண்டை அடைத்துக்கொண்டது. அப்படியும் வந்தார். நான் தீனியை எறிந்தேன், கோழிகள் ஓடின, அவர் வாயைத் திறந்தார். வெறும் காற்று. மகள் அவரைப் பார்த்தாள். கோழிகளைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள்.

"வெள்ளக்கோழி வாறார்," என்றாள்.

தீனிப் பேணியைப் பிடித்தபடி நின்றேன். கோழிகள் என் காலைக் கொத்தின. அந்நேரம் பார்த்துக் கணவர் வேலையால் வந்து தெருவில் திரும்பினார்.

"சைக்கிள் வாறார். அப்பா வாறான்."

அப்பா பிரேக்கை மறந்து வேலியில் மோதி நின்றார். அண்ணன் சாரத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, காற்றுக் குரலில், "இலக்கணம் சரி புள்ள," என்றார். பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் எனக்குச் சோறு ருசித்தது.

இப்போது அவள் வாய் ஓய்வதில்லை. நாய் வாறார், ஆடு வாறார், மாமா வாறான். அடுத்த மாதம் பாலர் பாடசாலை; டீச்சர் ஸ்கூட்டரில் வருபவர். திருத்தினால் மறுபடி வாயை மூடிவிடுவாளோ என்று பயம். திருத்தாவிட்டால் என் வளர்ப்பைப் பற்றி டீச்சர் என்ன நினைப்பார்?

அண்ணனுக்குக் குரல் திரும்பிவிட்டது. ஆனாலும் பின்னேரங்களில் வேலியடியில் பேசாமல் நிற்கிறார். உதடு மட்டும் அசைகிறது. பந்தயத்தை அவளிடமே விட்டுவிட்டார்.

அனுபவப்பட்ட தாய்மார் சொல்லுங்கள்: இப்போதே திருத்தவா, இன்னும் கொஞ்ச நாள் விடவா? திருத்துவதென்றால், குதிரையண்ணன் மனம் நோகாமல் எப்படித் திருத்துவது?