தோற்க ஓர் ஆள் தேவை

தேர்வு நடப்பதற்கு முன்பே தேர்வு முடிவு எங்கள் வார்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. காட்மாண்டுவிலிருந்து ஜீப்பில், சுருட்டிக் கட்டிய பேனராக வந்தது. "முதியோர் எழுத்தறிவு வகுப்பு, வாய்மொழிக் கணக்கறிவில் 97.3 சதவீதம் தேர்ச்சி. வாழ்த்துகள்" என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது. அரசாங்க வேலை எல்லாம் தாமதம் என்று குறை சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

மறுநாள் தேர்வு வந்தது. அதாவது உப்ரேதி சார் வந்தார். வாய்மொழிக் கணக்கறிவு மதிப்பீட்டு அலுவலர். அவருக்கு எங்கள் தாமாங் மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது. வகுப்பில் இருந்த முப்பத்தேழு பெண்களில் பாதிப் பேருக்கு நேபாளி தட்டுத் தடுமாறித்தான் வரும். ஆகவே வகுப்பு நடத்துகிற நான், யாங்ஜி வைபா, நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தேன்.

எங்கள் பெண்களுக்கு அந்த வகுப்பு என்றால் உயிர். கல்வித் தாகம் என்று நான் மேலிடத்துக்கு எழுதுவேன். விஷயம் வேறு. அந்தி நேரத்தில் ஒருத்தி வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் மாமியார் முதல் எருமை வரை எல்லோரும் கூப்பிடுவார்கள். அரசாங்க வகுப்பில் உட்கார்ந்திருப்பவளைக் கூப்பிட முடியாது. காலை நீட்டி உட்கார்ந்து ஊர் வம்பு பேசலாம். நடுநடுவே கணக்கும் போடுவோம்.

சார் ஆட்டைக் கூட்டச் சொன்னார், முட்டையைக் கழிக்கச் சொன்னார். எல்லோரும் டக் டக்கென்று சொன்னார்கள். ஐதமாயா கிசிங் முறை வந்தபோது மட்டும் சின்னச் சிக்கல்.

"வீட்ல ஏழு உருளைக்கிழங்கு இருக்கு. விருந்தாளிக்கு மூணு கொடுத்தாச்சு. மிச்சம் எவ்வளவு?"

"மிச்சம் ஏது?" என்றாள் ஐதமாயா. "விருந்தாளியை உக்கார வச்சு மூணோட நிறுத்துறது எந்த வீட்டுப் பழக்கம்? சாரைப் பெத்தவங்க அப்படியா வளர்த்தாங்க?"

பின்பாதியை நான் மொழிபெயர்க்கவில்லை. சார் தவறு என்று குறிக்கப் போனார். அவசரப்படாதீர்கள் என்று சொல்லி, கணக்குக்காக மட்டும் கேட்கிறார் என்று அவளிடம் விளக்கினேன்.

"கணக்குக்கு நாலு. ஆனா அந்த வீட்டுக்கு நான் போகமாட்டேன்."

சரி என்று போட்டார். அங்கேதான் வந்தது ஆபத்து. மாலையில் கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தால் நூறு சதவீதம். மனிதருக்கு முகமே வெளிறிவிட்டது.

எங்கள் வார்டுத் தலைவர் கார்சாங் யோஞ்சன் நூறு நல்லதுதானே என்று வெள்ளந்தியாகக் கேட்டார். சார் பொறுமையாக விளக்கினார். பேனரை மாற்ற வேண்டுமென்றால் மூன்று கொட்டேஷன் வாங்க வேண்டும், குழு கூட வேண்டும், நிதியாண்டு தாண்டிவிடும். தேர்ச்சியை மாற்ற ஒரு கையெழுத்து போதும். தவிர, முப்பத்தேழு பேரில் ஒருத்தர் தோற்றால் கச்சிதமாக 97.3 வருகிறது. இது தெய்வச் செயல் என்றே அவர் கருதினார்.

யார் தோற்கிறீர்கள் என்று கேட்டேன். ஒருத்தியும் கை தூக்கவில்லை. ஐதமாயாவின் நாத்தனார் மெந்தோ, மருமகள் இருக்கிற வீட்டில் தோற்றுவிட்டுப் போய்ச் சோறு தின்ன முடியுமா என்று கேட்டாள். நியாயம்தான்.

எங்கள் பக்கம் யாரிடமும் வெறுங்கையோடு போய்க் காரியம் கேட்பதில்லை. வீட்டில் வடித்த ரக்சிச் சாராயத்தைக் குடுவையில் ஊற்றிக்கொண்டு போய் முன்னால் வைக்க வேண்டும். எடுத்துக் குடித்துவிட்டால் சம்மதம், பிறகு பேச்சு மாறக்கூடாது. அன்று மாலையே தலைவர் குடுவையோடு முன்னால் நடக்க, அலுவலர் பின்னால் நடக்க, ஐதமாயா வீட்டுக்குப் போனோம். உருளைக்கிழங்கில் ஏற்கெனவே ஒரு கால் வழுக்கியவள் என்பதுதான் அவளுடைய தகுதி.

அவள் குடுவையைத் தொடவில்லை.

"தோத்தவளுக்கு என்ன பண்ணுவீங்க?"

சார் விதியைப் படித்தார். எஞ்சியிருக்கும் பயனாளி தேர்ச்சி பெறும் வரை வகுப்பு தொடர்ந்து நடத்தப்பட வேண்டும்.

"எல்லாரும் தேறிட்டா?"

"மூடிருவோம்மா."

"நான் ஒருத்தி தேறலைன்னா?"

"உங்க ஒருத்திக்காக நடந்தே ஆகணும்."

ஐதமாயா கொஞ்ச நேரம் அடுப்பையே பார்த்தாள். மாமியார் உள்ளேயிருந்து எதற்கோ கூப்பிட்டாள். உடனே குடுவையை எடுத்துக் குடித்தாள்.

விழா அமோகமாக நடந்தது. தேறிய முப்பத்தாறு பேருக்கும் ஒரே ஒரு குழுப் படம். தோற்றவளைத்தான் தனியாக நிறுத்தி வளைத்து வளைத்துப் படம் எடுத்தார்கள். தேறியவர்களால் திட்டத்துக்கு இனி என்ன பயன் இருக்கிறது? ஐதமாயாவின் பெயரில் தனிப் பிரிவே உண்டாகி, அதற்கு உப்ரேதி சாரையே தலைவராகப் போட்டார்கள். அவள் ஒருத்திக்கு வகுப்பு நடந்தது. மற்ற முப்பத்தாறு பேரும் அவளுக்குத் துணையாக வந்தார்கள். எனக்கும் வேலை நிலைத்தது. எல்லோரும் சுகம்.

ஐதமாயாவைத் தவிர. தண்ணீர்க் குழாயடியில் மெந்தோ, "மதினி, ரெண்டு குடம் வச்சிருக்க, எண்ணிப் பாக்கத் தெரியுமா, நான் எண்ணட்டுமா?" என்று எல்லோரும் கேட்கக் கேட்பாள். மாலை ஆனால் அதே மெந்தோ அவள் பெயரால் நடக்கிற வகுப்பில் வந்து காலை நீட்டுவாள். ஐதமாயா சிரித்துச் சமாளித்துக்கொண்டிருந்தாள். பிறகு மலேசியாவிலிருந்து மகன் போன் பண்ணினான். யாரோ அவனுக்கு ஒரு படம் அனுப்பியிருக்கிறார்கள். "எண்ணத் தெரியாத கடைசித் தாய்" என்று போட்டு அம்மாவின் முகம். கூட வேலை பார்க்கிறவர்கள் பார்த்துவிட்டார்களாம். அவன் திட்டக்கூட இல்லை, போனில் அழுதானாம். அன்றைக்கு அவள் வகுப்பில் காலை நீட்டவில்லை, நிமிர்ந்து உட்கார்ந்து கணக்குப் போட்டாள்.

"இந்தத் தடவை நான் தேறப் போறேன்" என்றாள் கடைசியில். "யாரு குடுவை கொண்டாந்தாலும் வாசல்லயே கொட்டிருவேன்."

மறுமதிப்பீட்டில் நான் மொழிபெயர்க்க வாய் திறக்கும் முன்பே பதில் சொன்னாள். கூட்டல், கழித்தல், பங்கு பிரித்தல் எதையும் விடவில்லை. ஒவ்வொரு பதிலுக்கும் சாருடைய பிரிவு ஆட்டம் கண்டது. ஐதமாயா சான்றிதழை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மெந்தோதான் முதலில் அலறினாள். நான் தோற்கிறேன், சான்றிதழைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். பின்னாலேயே முப்பத்தைந்து பேரும் சான்றிதழை நீட்டினார்கள். சார் வருத்தத்தோடு மறுத்தார். ஒருமுறை கணக்கு வந்தவருக்குக் கணக்கு மறக்க விதியில் இடமில்லை. சான்றிதழ் வாங்காத ஆள் யாராவது வேண்டும்.

பிறகு எல்லோரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள்.

நான் ஆசிரியை என்றேன். ஆசிரியையை யாரும் இதுவரை மதிப்பிடவில்லையே என்றார் சார், புதையல் கிடைத்தவர் மாதிரி. என்னையும் சேர்த்தால் முப்பத்தெட்டு பேர், தேறியவர் முப்பத்தேழு, கணக்கு 97.3-ஐக் கொஞ்சம் தாண்டுகிறது. தாண்டியதை வெட்டிவிடும் அதிகாரம் தனக்கு உண்டு என்றார். வகுப்பு மூடினால் என் வேலையும் போகும் என்பதை மட்டும் நல்ல தாமாங்கில் எனக்கு விளங்க வைத்தாள் ஐதமாயா. குடுவை என் முன்னால் வந்தது. குடித்தேன்.

சம்பளப் பட்டியலில் ஆசிரியை இன்னும் நான்தான். ஆனால் இப்போது ஐதமாயா கரும்பலகைக்கு முன்னால் நிற்கிறாள், நான் கடைசி வரிசையில் இருக்கிறேன். ஒன்றிலிருந்து பத்து வரை சொல்ல வேண்டும். எட்டில் திணற வேண்டும் என்பது ஏற்பாடு. ஒருநாள் ஞாபக மறதியாகப் பத்து வரை போய்விட்டேன், வகுப்பே என்னைத் திட்டித் தீர்த்தது. "அவசரப்படாத தங்கச்சி, மெதுவா கத்துக்க" என்றாள் ஐதமாயா. தினமும் கவனமாகப் பழகி வருகிறேன்.

நேற்று எட்டுக்கு அடுத்து என்ன என்பது உண்மையாகவே எனக்கு நினைவுக்கு வரவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள்.